விளக்கை அணைப்பது ரிப்பேர் ஆகாது!

திருப்பூரில் பனியன் தொழிலை நம்பிப் பிழைக்கிற குடும்பங்களுக்குப் பழைய கார் ஒன்றும் ஆடம்பரம் இல்லை. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடணும். பகலில் பவர் டேபிள் கம்பெனிக்கு நூல்கண்டு, லேபிள், எலாஸ்டிக் கட்டு எல்லாம் ஏற்றிப் போகணும். சாயங்காலம் வயசானவங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும். எல்லாத்துக்கும் அந்த ஒரே வண்டிதான். பெரும்பாலும் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பத்துப் பன்னிரண்டு வருஷக் கார்கள்.

இந்தக் கார்களில் ஸ்டியரிங்குக்குப் பின்னால், என்ஜின் படம் போட்ட ஒரு சின்ன மஞ்சள் விளக்கு இருக்கிறது. திடீரென்று ஒருநாள் எரியும். ஒர்க் ஷாப்பில் விட்டால் அணைந்து வரும். பத்து நாளில் மறுபடியும் எரியும். திரும்பவும் ஒர்க் ஷாப், திரும்பவும் செலவு. இதைப் பற்றி என் மனதில் பட்டதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். 'கார் விஷயமெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம்' என்று அடுத்த கடிதத்துக்குப் போய்விடாதீர்கள் சகோதரிகளே! செலவாவது நம் வீட்டுக் காசு.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். விளக்கை அணைக்கக் காசு கொடுக்காதீர்கள். விளக்கு ஏன் எரிந்தது என்று கண்டுபிடிக்கக் காசு கொடுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

இந்த விளக்கு வந்த கதையைத் தெரிந்துகொண்டால் இது நன்றாகப் புரியும். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் கார் புகையால் மூச்சுத் திணறியபோது, புகையைக் கட்டுப்படுத்தும் பாகங்கள் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காரே தன்னைக் கவனித்துச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் விதி போட்டது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கிற எல்லாப் புதுக் கார்களுக்கும் இந்த ஏற்பாடு கட்டாயமானது. நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 வண்டிகளுக்கு 2010 ஏப்ரல் முதல் முதல் கட்டமும், 2013 ஏப்ரல் முதல் இரண்டாவது கட்டமும் வந்தன. இதற்கு ஓ.பி.டி. என்று பெயர். என்ஜினில் அங்கங்கே இருக்கிற சென்சார்கள் காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். ஏதாவது கணக்கு உதைத்தால், அந்தக் கோளாறுக்கு ஒரு நம்பரைப் பதிவு செய்துவிட்டு விளக்கை எரிய விடும்.

அந்த நம்பரில்தான் விஷயமே இருக்கிறது. பி 0300 என்றால் என்ஜினில் எரிய வேண்டிய பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். பி 0171 என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. பி 0420 என்றால் புகையைச் சுத்தம் செய்கிற கேடலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். நம்பர் கோளாறு எந்தப் பக்கம் என்றுதான் சொல்லும். 'இந்தப் பாகத்தை வாங்கி மாட்டு' என்று அது சொல்வதில்லை. காய்ச்சல் 102 டிகிரி என்று தெர்மாமீட்டர் காட்டினால், அது டைபாய்டா, டெங்குவா என்று டாக்டர்தானே பார்த்துச் சொல்லணும்? அதுபோலத்தான்.

பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினாலோ, ஸ்கேனர் வைத்து அழித்தாலோ விளக்கு அணைந்துவிடும். கோளாறு அப்படியே இருக்கும். அது மட்டுமா? எந்த வேகத்தில், என்ஜின் எவ்வளவு சூட்டில் இருந்தபோது கோளாறு வந்தது என்று கம்ப்யூட்டர் எழுதி வைத்திருந்த குறிப்பும் சேர்ந்து அழிந்துபோகும். அடுத்து பார்க்கிற மெக்கானிக்குக் கையில் ஒரு துப்பும் இருக்காது.

எங்கள் வீட்டுக் காரில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் தடவை விளக்கு எரிந்தபோது ஒரு ஒர்க் ஷாப்பில், 'ஒண்ணுமில்லீங்க, எரேஸ் பண்ணியாச்சு' என்று 300 ரூபாய் வாங்கினார்கள். பன்னிரண்டாம் நாள் மறுபடி எரிந்தது. மறுபடி 300. மூன்றாவது தடவை, 'ஆக்ஸிஜன் சென்சார் போயிருச்சுங்க' என்று கழற்றிப் புதுசு போட்டு 4,700 ரூபாய். ஆக மொத்தம் 5,300. எங்கள் வீட்டுக்கு நாலு மாதப் பால் பணம் அது. மூன்று வாரம் கழித்து விளக்கு திரும்பவும் எரிந்தது.

நாலாவது தடவை நானே வண்டியை எடுத்துக்கொண்டு வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அழிக்கும் முன்னால் நம்பரை எழுதித் தரச் சொன்னேன். பி 0135 என்று எழுதிக் கொடுத்தார். அந்த சென்சார் சீக்கிரம் சூடாவதற்காக அதற்குள் ஒரு ஹீட்டர் இருக்குமாம். அந்த ஹீட்டருக்குக் கரண்ட் போகிற பாதையில் கோளாறு என்பதுதான் அந்த நம்பருக்கு அர்த்தம். கோளாறு சென்சாரில் இருக்கலாம், ஃப்யூஸில் இருக்கலாம், ஒயரிலும் இருக்கலாம். அவர் ஒயரைத் தடவிக்கொண்டே போனார். என்ஜினுக்குக் கீழே எலி கடித்து, ஒற்றை இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி குலுங்கும்போது தொடும், விடும். அதனால்தான் விளக்கு வந்து வந்து போனது. பனியன் வேஸ்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்துகிற ஊரில் எலிக்கா பஞ்சம்? ஒயரை ஒட்டி, டேப் சுற்றி, மேலே குழாய் மாட்டிக் கொடுத்ததற்கு 450 ரூபாய். அதற்கப்புறம் விளக்கு எரியவில்லை.

நல்ல சென்சாரைக் கழற்றி எறிந்ததுதான் எனக்கு மனசு ஆறவில்லை. உண்மையைச் சொன்னவனை வேலையை விட்டு அனுப்பின மாதிரி!

நம் ஊர் நிட்டிங் கம்பெனியைப் பாருங்கள். மெஷினில் எங்காவது நூல் அறுந்தால், அந்த இடத்தில் ஒரு சின்ன விளக்கு எரியும். மெஷின் தானாக நின்றுவிடும். ஆபரேட்டர் என்ன செய்கிறார்? விளக்கையா பிடுங்கி எறிகிறார்? அறுந்த நூலைத் தேடி முடிச்சுப் போட்ட பிறகுதான் மெஷினை ஓட விடுகிறார். இல்லாவிட்டால் துணி முழுக்க ஓட்டை விழும் என்று அவருக்குத் தெரியும். துணிக்குக் கொடுக்கிற மரியாதையை நம் பிள்ளைகள் உட்கார்ந்து போகிற வண்டிக்குக் கொடுக்க வேண்டாமா?

இன்னொரு குறையும் எனக்கு உண்டு. பெண்கள் வண்டியைக் கொண்டுபோனால், 'அண்ணனை வரச் சொல்லுங்க அக்கா, அவர்கிட்டப் பேசிக்கிறேன்' என்கிறார்கள். அண்ணன் ஷிப்மென்ட் நேரத்தில் ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டுக்கு வருகிறார். அவருக்கு வண்டி ஓடினால் போதும். வரவு செலவு நோட்டு எழுதுவது யார்? நாம்தானே! ஆகவே கேள்வி கேட்கிற உரிமையும் நமக்குத்தான். இதற்கு என்ஜினியரிங் படிப்பு வேண்டாம். பத்தாம் வகுப்புப் படித்த நான் கேட்கவில்லையா? நாலே கேள்விதான்.

நம்பர் என்ன? அழிக்கும் முன்னால் எழுதிக் கொடுங்கள். அந்த நம்பருக்கு என்னென்ன காரணம் இருக்கலாம்? பாகத்தை மாற்றும் முன்னால் ஒயரையும் ஃப்யூஸையும் பார்த்தீர்களா? கழற்றிய பழைய பாகத்தை என் கையில் தருவீர்களா? இந்த நாலையும் கேட்டுப் பாருங்கள், பேச்சின் தோரணையே மாறிவிடும். தேதி, கிலோமீட்டர், நம்பர் மூன்றையும் வீட்டு நோட்டில் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். ஒரே நம்பர் திரும்பத் திரும்ப வந்தால், முதலில் செய்த வேலை வேலையே இல்லை என்று நாமே சொல்லிவிடலாம்.

விளக்கு எரிந்ததும் பயந்து நடுரோட்டில் நிற்கவும் வேண்டாம். மஞ்சள் என்ஜின் விளக்கு நிலையாக எரிந்து, வண்டி சாதாரணமாக ஓடினால், நிதானமாக ஓட்டிப் போய் இரண்டொரு நாளில் காட்டலாம். அதே விளக்கு மின்னி மின்னி எரிந்தால் கதை வேறு. எரியாத பெட்ரோல் கேடலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன. மாற்றினால் தாலிக்கொடியை அடகு வைக்கிற செலவு! அப்போது வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துவதே நல்லது. எண்ணெய்க் குடுவை படம் போட்ட சிவப்பு விளக்கும், என்ஜின் சூட்டைக் காட்டுகிற சிவப்பு விளக்கும் எரிந்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக்கூடாது. பல்லடம் ரோடானாலும் சரி, அவிநாசி ரோடானாலும் சரி, உடனே ஓரங்கட்டி என்ஜினை அணைத்துவிட வேண்டும்.

'பழைய வண்டின்னா அப்படித்தான் எரியும்' என்று சிலர் சொல்கிறார்கள். வயசானவங்களுக்கு நெஞ்சு வலித்தால், 'வயசாச்சு, அப்படித்தான்' என்று விட்டுவிடுகிறோமா? மெக்கானிக்குகள் மேல் மட்டும் பழி போடுவதும் நியாயம் இல்லை. ஒயரைத் தேட ஒரு மணி நேரம் ஆகும். அதற்குக் கூலி கேட்டால் நாம் முகம் சுளிக்கிறோம். புதுப் பாகம் போட்டால் மட்டும் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம். பிறகு அவர் ஏன் தேடப் போகிறார்? 'பார்ப்பதற்கும் கூலி தருகிறேன், காரணத்தைச் சொல்லுங்கள்' என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறவர்கள் இதையும் மறக்காதீர்கள். என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினால் அந்த மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி திருப்பியும் எரியவே இல்லை என்றால், கோளாறை மறைக்க யாரோ பல்பையோ ஒயரையோ கை வைத்திருக்கலாம். விலை பேசும் முன் இதைப் பாருங்கள். இப்போது செல்போனோடு சேர்த்து நம்பரைப் படிக்கிற சின்னக் கருவி கடைகளில் கிடைக்கிறது. தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் படிக்க மட்டும் பயன்படுத்துங்கள், அழிக்க வேண்டாம்.

எச்சரிக்கையை அணைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதை நம் ஊரைவிட அதிகமாக அனுபவித்த ஊர் எது? நொய்யல் தண்ணீர் நிறம் மாறியதும் ஒரு எச்சரிக்கைதான். ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி, விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனதும் எச்சரிக்கைதான். கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. முதலாளி மட்டுமா கஷ்டப்பட்டார்? சாயம் போட்ட துணி வராமல், வாரக் கூலியை நம்பி இருந்த வீடுகளிலும் அல்லவா அடுப்பு எரியவில்லை! சின்னதாக இருக்கும்போதே காரணத்தைத் தேடினால் ஆகிற செலவு குறைவு. தள்ளிப்போட்டால் ஒருநாள் எல்லாமே நின்றுபோகும்.

எனவே சகோதரிகளே, அடுத்த தடவை அந்த மஞ்சள் விளக்கு எரிந்தால் 'அவர் பார்த்துப்பார்' என்று விடாதீர்கள். நம்பரைக் கேளுங்கள், காரணத்தைக் கேளுங்கள், பழைய பாகத்தைக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிற ஒர்க் ஷாப்புக்கு இன்னொரு தடவை போகாதீர்கள்!

— ஓர் இல்லத்தரசி, திருப்பூர்.