மாமா, இந்த ஞாயிறு எங்க?



இந்த வாரம் நான் அடி வாங்கின கதையைச் சொல்றேன். அடி கன்னத்துல இல்ல... நெஞ்சுல!

போன மே மாசம் திண்டிவனத்துல இருக்கிற அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையனுக்கு 11 வயசு. ஒரு காலத்துல நான் தெருமுனை திரும்பும்போதே ‘மாமா’ன்னு ஓடி வந்து பைக் டேங்க் மேல ஏறி உட்கார்ந்துக்கிற பயல். இப்போ கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல சுருண்டு கிடக்கான். கையில போன். பக்கத்துல ஆறிப்போன இட்லி. “டேய் மாப்ள”ன்னேன். “ம்”னான். அவ்ளோதான் நமக்குக் கிடைச்ச வரவேற்பு!

“நீயாவது சொல்லேன்டா... காலையில இருந்து இதே கதிதான்”னு அக்கா புலம்ப, நமக்குள்ள தூங்கிக்கிட்டிருந்த ஹீரோ முழிச்சுக்கிட்டான். போனை வெடுக்னு பிடுங்கி பீரோ மேல வெச்சேன். பயல் அழுவான், கத்துவான்னு பார்த்தா... ம்ஹூம். நிதானமா நிமிர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“அப்பா வந்தா போன்ல நியூஸ் பாக்கறாரு. அம்மா சீரியல் பாக்கறாங்க. நீங்க வந்ததுல இருந்து ரீல்ஸ் பாக்கறீங்க. அப்ப நான் யார்கூட மாமா விளையாடுறது?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்பதான் கவனிச்சேன். என் கையில என் போன் இருந்துச்சு. ஸ்க்ரீன்ல பாதியில நின்ன ஒரு ரீல்ஸ்!

பிடுங்கினா போதுமா பாஸ்?

உங்க வீட்லயும் இப்படி ஒரு தம்பியோ, தங்கச்சியோ, அக்கா பொண்ணோ கண்டிப்பா இருக்கும். ஒன்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் இருக்கிற அந்த வயசு ரொம்ப விவகாரமானது. பொம்மை வெச்சு விளையாட வெட்கமா இருக்கும். பெரிய பசங்க கிரிக்கெட்டுக்குச் சேர்த்துக்க மாட்டாங்க. நடுவுல மாட்டிக்கிட்ட ஜீவனுங்க. போதாக்குறைக்கு 2020 மார்ச்ல பள்ளிக்கூடத்தை மூடி, பாடமே போன்லதான்னு ஆன பிறகு, எந்த வீட்லயும் போனைப் பார்த்து ‘தொடாதே’ன்னு சொல்ற தைரியம் போயிடுச்சு.

தடை போட்டா சரியாகிடுமா? 2020 செப்டம்பர்ல பப்ஜியைத் தடை பண்ணாங்க. பசங்க ஃப்ரீ ஃபயருக்குப் போனாங்க. 2022 பிப்ரவரியில ஃப்ரீ ஃபயரைத் தடை பண்ணாங்க. ஃப்ரீ ஃபயர் மேக்ஸுக்குப் போனாங்க. நாட்டுக்கே இந்தக் கதின்னா, நம்ம பீரோ எம்மாத்திரம்?

அன்னிக்கு ராத்திரி மொட்டை மாடியில படுத்து யோசிச்சேன். ஒரு கேம் அவனுக்கு அப்படி என்னத்தைத் தருது? மூணு விஷயம். ஒண்ணு, ‘அடுத்த லெவல்’ இருக்கு. ரெண்டு, செஞ்சதுக்கு உடனே பலன் தெரியுது. மூணு, கூட ஆடறதுக்கு ஆள் இருக்கு. இந்த மூணையும் தராம, “போய் ஏதாவது நல்ல பழக்கம் கத்துக்கோ”ன்னு சொன்னா எந்தப் புள்ள எந்திரிக்கும்? நாமளே எந்திரிக்க மாட்டோம்!

சரி, இந்த மூணும் நம்ம ஊர்ப் பக்கம் எங்கே கிடைக்கும்னு தேட ஆரம்பிச்சேன். தேடத் தேட எனக்கே வெட்கமாப் போச்சு. திண்டிவனத்துல பொறந்து, விழுப்புரத்துல காலேஜ் படிச்சு, இத்தனை வருஷமும் பாசஞ்சர் ரயில் ஜன்னல்ல சாஞ்சு தூங்கியே காலத்தை ஓட்டியிருக்கேன்!

லெவல் 1: கல்லாப் போன மரம்

முதல் ஞாயிறு திருவக்கரை. பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மன் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதுமே, அதே ஊர்தான். கோயிலைத் தாண்டி ஒரு தேசியக் கல்மரப் பூங்கா இருக்கிறது எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1940ல அமைச்சது. சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்தின மரங்கள் அங்கே கல்லாக் கிடக்குது.

பயல் முதல் அரை மணி நேரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தான். “வெறும் கல்லுதானே, இதுக்குப் போய்...”னான். ஒரு மரத்தோட குறுக்குவெட்டைக் காட்டி, “கிட்டப் போய் பாரு, வளையம் தெரியுதா?”ன்னேன். குனிஞ்சான். அப்புறம் அஞ்சு நிமிஷம் நிமிரவே இல்ல.

வெள்ளம் அடிச்சுக்கிட்டு வந்த மரம் மணலுக்கடியில புதைஞ்சு போச்சு. காத்து படாததால மக்கல. மண்ணுல கரைஞ்சிருந்த சிலிக்கா துளித்துளியா உள்ளே இறங்கி, மரம் இருந்த இடத்தையெல்லாம் கல்லாவே நிரப்பிடுச்சு. வடிவம் மரம், சரக்கு கல்! புளிய மரம் சேர்ந்த அதே குடும்பத்து மரங்களும் அதுல உண்டு. ‘திந்திரிணி வனம்’, அதாவது புளியங்காடுதான் திண்டிவனம்னு ஆச்சும்பாங்க. அதைச் சொன்னதும், “அப்ப இது நம்ம ஊரோட தாத்தாவா மாமா?”ன்னு கேட்டான் பயல். புவியியல் வாத்தியார் ஒத்துக்குவாரோ இல்லையோ, நான் ஒத்துக்கிட்டேன்!

ஒரு சின்னத் துண்டை எடுத்து பாக்கெட்ல போடப் பார்த்தான். கூடாதுன்னு சொன்னேன். அது பாதுகாக்கப்பட்ட இடம். எடுக்கிறதுக்குப் பதிலா ஒரு நோட்டுல வரைஞ்சுக்கோன்னேன். அந்த நோட்டுதான் எல்லாத்துக்கும் ஆரம்பம்!

லெவல் 2: விசித்திரமான மனசு

அடுத்தது மண்டகப்பட்டு. விழுப்புரத்துல இருந்து செஞ்சி போற வழியில இருக்கு. முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைஞ்சு எடுத்த கோயில். ஏழாம் நூற்றாண்டு சமாச்சாரம். செங்கல் இல்ல, மரம் இல்ல, உலோகம் இல்ல, சுண்ணாம்பு இல்ல... இது எதுவுமே இல்லாம நான் கோயில் கட்டினேன்னு அங்கே கல்வெட்டுல பெருமையாப் பொறிச்சு வெச்சிருக்கார். அதுல அவர் தனக்குக் கொடுத்துக்கிட்ட பேரு ‘விசித்திரசித்தன்’. விசித்திரமான மனசுக்காரன்! எல்லாரும் பண்றதையே நாமும் பண்ணக் கூடாதுன்னு நினைச்ச ஆளு. ஒரு 11 வயசுப் பையனுக்கு இதைவிட நல்ல ஹீரோ கிடைப்பானா? வாசல்ல நிக்கிற ரெண்டு துவாரபாலகர்களையும் அவன் வரைய, நானும் வரைஞ்சேன். என்னோடது பயங்கர காமெடி. பயல் விழுந்து விழுந்து சிரிச்சான். அவன் அப்படிச் சிரிச்சு எத்தனை மாசமாச்சுன்னு அப்பதான் எனக்கு உறைச்சுது.

லெவல் 3: நிஜ மேப்!

செஞ்சிக் கோட்டையைப் பத்திச் சொல்லவே வேணாம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலையையும் சேர்த்து மதில் போட்ட கோட்டை. 2025 ஜூலையில யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல ஏறிடுச்சு. மராட்டிய ராணுவக் கோட்டைகள்ங்கிற அந்த 12ல தமிழ்நாட்டுல இருக்கிற ஒரே கோட்டை இதுதான். இந்தியத் தொல்லியல் துறை இடங்கள்ல 15 வயசு வரைக்கும் டிக்கெட் கிடையாது. அதனால செலவும் பாதி.

ராஜகிரி சுமார் 800 அடி உயரம். பயல் பாதியில உட்கார்ந்துட்டான். மூச்சு வாங்குது. எனக்கு அதைவிட மோசம்! ஆனா அகழி, வளைஞ்சு போற வாசல், உச்சிக்கு முன்னால இருக்கிற பாலம் எல்லாம் பார்த்ததும், “மாமா, இது நிஜ மேப்! மேல இருக்கறவன்தான் ஜெயிப்பான்”னு அவனே விளக்க ஆரம்பிச்சுட்டான். கேம்ல கத்துக்கிட்டது வீண் போகல, பார்த்தீங்களா? ராஜா தேசிங்கு 1714ல ஆற்காட்டு நவாப் படையோட மோதி உயிரை விட்ட கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அமைதியா இருந்துட்டுச் சொன்னான்: “அவருக்கு இன்னொரு லைஃப் கிடையாதுல்ல?”

நான் சொதப்பின இடம்

இதோட முடிச்சிருந்தா, ‘மாமா மகாத்மா’ன்னு நீங்க கை தட்டியிருப்பீங்க. ஆனா அதுக்கப்புறம் நடந்ததுதான் முக்கியம்.

அடுத்த ஞாயிறு எனக்கு வேலை. அதுக்கடுத்த ஞாயிறு ஃப்ரெண்டு கல்யாணம். மூணாவது ஞாயிறு... உண்மையைச் சொல்லிடறேன், சோம்பேறித்தனம். நாலாவது வாரம் அக்கா போன் பண்ணினா. “பழைய குருடி கதவைத் திறடின்னு ஆயிடுச்சுடா. மூணு வாரமும் காலையில ஷூ போட்டுக்கிட்டு வாசப்படியில உட்கார்ந்திருந்தான். நீ வரலைன்னதும் உள்ளே வந்து போனை எடுத்துக்கிட்டான்.”

ஷூ போட்டுக்கிட்டு வாசப்படியில... அந்த வார்த்தை இன்னிக்கு வரைக்கும் குத்துது ஃப்ரெண்ட்ஸ்.

அவனை போன் இழுத்துக்கிட்டுப் போகல. நாம விட்டுட்டோம். போன் எப்பவும் ‘பிஸி’ன்னு சொல்றதில்ல. கல்யாணத்துக்குப் போறதில்ல. கூப்பிட்ட உடனே வருது. அதோட போட்டி போடணும்னா, நாமளும் சொன்ன நேரத்துக்கு வரணும். அவ்வளவுதான் ரகசியம்.

மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிச்சேன். நம்ப வைக்க ஒரு மாசம் ஆச்சு. பொங்கல் லீவுல மரக்காணம் பக்கத்துல இருக்கிற கழுவெளிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். பழவேற்காட்டுக்கு அடுத்தபடியா தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரின்னு சொல்றாங்க. 2021 டிசம்பர்ல பறவைகள் சரணாலயமா அறிவிச்ச இடம். 2015ல இருந்து வருஷா வருஷம் நடக்கிற பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புல யார் வேணும்னாலும் சேரலாம். ஒரு இடத்துல 15 நிமிஷம் நின்னு, பார்த்த பறவைகளை எண்ணி, ‘ஈ-பேர்டு’ல ஏத்தினாப் போதும். எதுல ஏத்தறது? அதே போன்லதான்! அன்னிக்கு பயல் கையில போனைக் கொடுத்தது நான். பறவையைப் பார்த்துட்டு போனைப் பார்த்தான். போனைப் பார்த்துட்டு மறுபடி பறவையைப் பார்த்தான். அந்த ‘மறுபடி’தான் பாஸ் வெற்றி!

இன்னும் கைவசம் இருக்கு

ஊர் சுத்தப் பிடிக்காத பிள்ளைங்களும் உண்டு. அவங்களுக்கு?

மல்லர் கம்பம்: தமிழ்நாட்டுல இந்த விளையாட்டு நல்லா வேர் பிடிச்ச ஊர் நம்ம விழுப்புரம்தான். விளக்கெண்ணெய் தடவின வழுவழு மரக்கம்பத்து மேல யோகாசனமும் ஜிம்னாஸ்டிக்ஸும் கலந்து கலக்குவாங்க. கம்பத்துல நிலைக்கம்பம், தொங்கு கம்பம்னு ரெண்டு. மூணாவது கயிறு, பொண்ணுங்க அதுல பிரமாதப்படுத்துவாங்க. கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியிலயும் இது இருக்கு. ‘அடுத்த லெவல்’ வேணும்கிற பிள்ளைக்கு இதைவிட என்ன வேணும்?

மொட்டை மாடி வானம்: பைசா செலவில்ல. 2023 ஆகஸ்ட் 23ல நிலாவோட தென்துருவப் பக்கம் இறங்கின சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்துக்காரர். ஒரு ரயில்வே ஊழியரோட பையன். “நம்ம ஊர்க்காரர் அனுப்பின கலம் அங்கேதான்டா நிக்குது”ன்னு நிலாவைக் காட்டிப் பாருங்க. அன்னிக்கு ராத்திரி கேள்விக்குப் பதில் சொல்லியே களைச்சுப் போவீங்க!

நூலகம்: விழுப்புரத்துல மாவட்ட மைய நூலகம் இருக்கு. அவன் பேர்ல ஒரு உறுப்பினர் அட்டை. தன் பேர் போட்ட முதல் அட்டையோட கெத்தே தனி!

உங்களுக்கு நாலு வார்த்தை

ஒண்ணு: நீங்க நினைச்ச பொழுதுபோக்கைத் திணிக்காதீங்க. மூணு, நாலு காட்டுங்க. அவங்களே ஒண்ணைப் பிடிச்சுக்குவாங்க.

ரெண்டு: முதல் அரை மணி நேரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாங்க. கண்டுக்காதீங்க.

மூணு: போன்ல பார்க்கிறதைக் கேவலப்படுத்தாதீங்க. அவன் ஆடற கேமை ஒரு தடவை கூட உட்கார்ந்து ஆடுங்க. நான் மூணு நிமிஷத்துல செத்தேன். அன்னிக்கு எனக்கு மரியாதை கூடிடுச்சு!

நாலு: வாக்கு கொடுத்தா வந்துடுங்க. வர முடியலைன்னா முதல் நாளே சொல்லிடுங்க. வாசப்படியில காக்க வைக்காதீங்க.

“எங்க படிப்பு, அரியர், இன்டர்ன்ஷிப்... இதுக்கு நடுவுல இது வேறயா?”ன்னு கேக்கறீங்களா? 2021 அக்டோபர் 27ல, கொரோனாவால படிப்பு விட்டுப்போன பிள்ளைங்களுக்காக ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கினது இதே மாவட்டத்துல, மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்துல. சாயங்காலம் தெருப் பிள்ளைங்களைக் கூட்டி வெச்சுச் சொல்லிக் கொடுத்த தன்னார்வலர்கள்ல உங்க வயசுக்காரங்களும் நிறைய. அவங்களுக்கும் அரியர் இருந்திருக்கும் பாஸ்!

அக்கா பையன் திருந்திட்டானான்னு கேட்டா... இன்னும் கேம் ஆடறான். நானும் ரீல்ஸ் பார்க்கறேன். ரெண்டு பேரும் புத்தர் ஆகல. ஆனா அந்த நோட்டு இப்போ ரெண்டாவது நோட்டு. சனிக்கிழமை சாயங்காலம் ஆனா எனக்கு ஒரு கால் வரும். “மாமா, இந்த ஞாயிறு எங்க?”

உங்களுக்கு அந்த கால் வரலையா? அப்போ நீங்களே போடுங்க. இன்னிக்கே! அடுத்த வாரம் பார்ப்போம்!