கிராண்ட் இல்லாதவனுக்குக் காது கேட்காதா?

கோலா கங்சார் மாவட்ட அலுவலகத்தின் அருகே ஒரு ரப்பர் மரம் நிற்கிறது. 1877-இல் இங்கே நடப்பட்ட முதல் கன்றுகளில் எஞ்சியது அது. நாட்டின் மிகப் பழைய ரப்பர் மரங்களில் ஒன்று என்பதால் வேலி கட்டி, பலகை வைத்துப் பாதுகாக்கிறார்கள். சுற்றுப்பயணிகள் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

நல்லது. காக்க வேண்டிய மரம்தான். ஆனால் அதே இனத்து மரங்களை இருட்டில் எழுந்து போய் நான்கைந்து தலைமுறையாகச் சீவிய மக்கள், தங்கள் லயத்து வாசலில் நட்ட வேம்புக்கும் மாமரத்துக்கும் யார் வேலி கட்டுவார்கள்? சாலை அகலமாகும்போது அந்த மரங்கள் யாருடையவை? லாரி இரைச்சல் யார் காதில் விழுகிறது? அதை யாரிடம் சொல்வது?

இதை இப்போது கேட்கக் காரணம் உண்டு. 2000-களில் ரவாங் - தஞ்சோங் மாலிம், சிரம்பான் - ஆயர் குரோ பகுதிகளில் வடக்கு - தெற்கு நெடுஞ்சாலை ஆறு தடமாக அகலப்படுத்தப்பட்டது. 2024-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் ஜொகூரில் சிடெனாக் - சிம்பாங் ரெங்கம் பகுதியை ஆறு தடமாக்க 931 மில்லியன் ரிங்கிட் அறிவிக்கப்பட்டது. இன்று ஜொகூர் என்றால் நாளை பேராக். ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட், கோலா கங்சார் வழியாகத் தைப்பிங் போகும் பழைய கூட்டரசுச் சாலையானாலும், 1994-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட நெடுஞ்சாலையானாலும், அகலப்படுத்தும் நாள் வரும். அன்று பேசுவதற்கு இன்றே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை சில உள்ளன.

நாம் வளர்ச்சிக்கு எதிரிகள் அல்லர். அந்தச் சாலையில் பேருந்து ஏறித்தான் நம் பிள்ளைகள் ஈப்போவுக்குப் படிக்கப் போகிறார்கள். ஆம்புலன்ஸ் சீக்கிரம் வரவேண்டும் என்று நாமும்தான் விரும்புகிறோம். சாலை வேண்டாம் என்று சொல்லவில்லை. சாலையோரத்தில் வாழ்கிறவனைக் கணக்கில் எடு என்றுதான் சொல்கிறோம்.

சட்டத்தின் கண்ணில் நாம் யார்?

சாலைக்கு நிலம் எடுப்பது 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்படி நடக்கிறது. நில அலுவலகத்தில் விசாரணை வைப்பார்கள். 'சம்பந்தப்பட்டவர்' வந்து இழப்பீடு கேட்கலாம். யார் அந்தச் சம்பந்தப்பட்டவர்? சட்டத்தின் 2-ஆவது பிரிவு விளக்கம் சொல்கிறது: இழப்பீட்டில் உரிமை கோரும் எவரும். உடனே ஒரு விலக்கும் சொல்கிறது: உரிமையாளரின் விருப்பம் உள்ளவரை மட்டும் குடியிருப்பவர் இதில் சேரமாட்டார்.

தோட்டத்து லயத்தில் இருப்பவர் நிலை என்ன? வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போகும். வாடகை ஒப்பந்தம்கூடக் கையில் இல்லை. ஐம்பது வருடம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்திருந்தாலும், அந்த விசாரணை அறையில் அவருக்கு நாற்காலி இல்லை. நிர்வாகத்துக்கு நோட்டீஸ் போகும், நிர்வாகம் காசோலை வாங்கும். லயத்துக்காரருக்குப் புல்டோசர் வரும்போதுதான் சேதி தெரியும்.

மரத்தின் கதையும் அதேதான். 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தில் 'நிலம்' என்றால் அதில் வளரும் செடிகொடி, மரம் எல்லாம் அடங்கும். பாட்டி விதை போட்டு, அம்மா தண்ணீர் ஊற்றி வளர்த்த மாமரம் சட்டப்படி நில உரிமையாளரின் சொத்து. அதை வெட்டினால் இழப்பு அவருக்குத்தான் என்று கணக்கு எழுதுவார்கள். நிழல் போனது யாருக்கு என்று கேட்க அந்தப் பாரத்தில் இடமே இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பக்கத்து நிலத்தில் மேம்பாடு வரும்போது, உள்ளூர்த் திட்டம் இல்லாத இடங்களில், 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டம் அண்டை நிலத்தின் 'உரிமையாளர்களுக்கு' நோட்டீஸ் கொடுக்கச் சொல்கிறது. 21 நாளில் ஆட்சேபம் சொல்லலாம். அங்கும் உரிமையாளர்தான். குடியிருப்பவர் அல்லர்.

ஆக, சட்டம் ஒவ்வொன்றிலும் வாசலில் நின்று ஒரே கேள்வி கேட்கிறார்கள்: கிராண்ட் இருக்கிறதா? இல்லையென்றால் உனக்குக் காதும் இல்லை, மூச்சும் இல்லை.

இரைச்சலுக்கு கிராண்ட் தேவையில்லை

இரைச்சல் எப்படிக் கூடுகிறது என்பதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. வாகனங்கள் இரண்டு மடங்கானால் ஒலி ஏறக்குறைய 3 டெசிபல் கூடும். சாலையின் ஓரம் வீட்டிலிருந்து 20 மீட்டரில் இருந்தது 10 மீட்டருக்கு வந்தால் இன்னொரு 3 டெசிபல். 10 டெசிபல் கூடினால் மனிதக் காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். அகலப்படுத்தும்போது இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன: வண்டியும் பெருகுகிறது, சாலையும் கிட்டே வருகிறது.

உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் ஐரோப்பாவுக்கு வெளியிட்ட வழிகாட்டியில், சாலை இரைச்சல் சராசரியாக 53 டெசிபலுக்கும், இரவில் 45 டெசிபலுக்கும் கீழே இருக்க வேண்டும் என்றது. அதற்கு மேல் போனால் தூக்கம் கெடும், இருதய நோய்க்கும் தொடர்பு உண்டு என்பது அதன் அடிப்படை. நம் நாட்டுச் சுற்றுச்சூழல் இலாகாவிடமும் ஒலி வழிகாட்டி இருக்கிறது. புதிய சாலைக்கும், மாற்றிக் கட்டப்படும் பழைய சாலைக்கும் எல்லை வகுத்திருக்கிறது. ஆனால் பெயரே வழிகாட்டி. கேட்பவர் இருந்தால்தான் அதற்கு உயிர்.

இங்கிலாந்தில் 1973-லேயே ஒரு சட்டம் வந்தது. உன் நிலத்தில் ஒரு அடிகூட எடுக்காவிட்டாலும், புதிய சாலையின் இரைச்சலால் உன் வீட்டின் மதிப்பு குறைந்தால் இழப்பீடு கேட்கலாம். 1975 விதிகளின்படி இரட்டைக் கண்ணாடிச் சன்னலும் போட்டுத் தருகிறார்கள். நமக்கு இழப்பீட்டுச் சட்டம் கொடுத்துவிட்டுப் போன அதே வெள்ளைக்காரன், தன் ஊரில் செய்துகொண்டது இது.

அந்தக் கண்ணாடிச் சன்னல் நமக்கு உதவாது. பலகைச் சுவர், தகரக் கூரை, திறந்த சன்னல். சன்னலை மூடினால் வெந்து சாவோம். ஆகவே இங்கே சத்தத்தைச் சாலையோரத்திலேயே தடுக்க வேண்டும். தடுப்புச் சுவர்தான் வழி.

மரம் வேறு, சுவர் வேறு

இங்கே ஓர் உண்மையையும் நேர்மையாகச் சொல்லிவிடுவோம். ஒரு வரிசை மரம் இரைச்சலை அதிகம் தடுக்காது. அடர்ந்த காடு போல அறுபது மீட்டர் அகலத்துக்கு இருந்தால்தான் 10 டெசிபல் குறையும். ஆகவே 'மரத்தை வெட்டாதே, சத்தம் வரும்' என்று மட்டும் வாதாடினால், பொறியாளர் ஒரு கருவியைக் காட்டி நம் வாயை அடைத்துவிடுவார்.

மரம் தருவது வேறு. தகரக் கூரையின் மேல் நிழல் தருகிறது. சாலைப் புழுதியை வாங்கிக்கொள்கிறது. கிழவர்கள் உட்கார்ந்து பேச இடம் தருகிறது. பல இடங்களில் அதன் அடியில் ஒரு சூலமும் ஒரு கல்லும் முனியாண்டியாக நிற்கின்றன. சாலை ரிசர்வ் நிலத்தில் இருக்கிறது என்ற ஒரே வரியில் அந்தக் கோயிலை 'சட்டவிரோதக் கட்டடம்' ஆக்கிவிடலாம். சாலைக்கு முன்பே அது அங்கே இருந்திருக்கலாம் என்பதை யாரும் கேட்பதில்லை. 2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூர் வீதியில் திரண்ட கூட்டத்தின் கோபத்தில் கோயில் இடிப்புகளுக்கு எவ்வளவு பங்கு இருந்தது என்பதை ஆட்சியாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே சுவரும் கேட்போம், மரமும் கேட்போம். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறுக்க விடக்கூடாது.

மரத்துக்குச் சட்டம் இல்லாமலும் இல்லை. நகர, கிராமத் திட்டச் சட்டத்தில் 1995-இல் சேர்த்த பிரிவுகளின்படி, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவு உள்ள மரத்தை ஊராட்சி மன்றத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. பட்டுப்போன மரம், ஆபத்தான மரம் போன்ற விலக்குகள் உண்டு. எங்களுக்கு விலக்கு உண்டு என்று குத்தகையாளர் சொன்னால், எந்த விலக்கு என்று எழுத்தில் கேளுங்கள். இந்தச் சட்டம் மரத்தின் சுற்றளவைத்தான் பார்க்கிறது. கேட்பவரின் கிராண்டைப் பார்ப்பதில்லை.

குரல் உள்ளவர்கள் என்ன செய்தார்கள்?

பெட்டாலிங் ஜெயாவில் கிடெக்ஸ் நெடுஞ்சாலை வரப்போகிறது என்றபோது குடியிருப்பாளர்கள் எதிர்த்து நின்றார்கள். 2015-இல் சிலாங்கூர் அரசு அதைக் கைவிட்டது. அதே வட்டாரத்தில் வந்த பிஜேடி லிங்க் திட்டமும் 2023-இல் கைவிடப்பட்டது. அவர்களை நாம் குறை சொல்லவில்லை, பாராட்டுகிறோம். அவர்களிடம் குடியிருப்போர் சங்கம் இருந்தது, வழக்கறிஞர்கள் இருந்தார்கள், ஆங்கிலப் பத்திரிகை இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டு கிராண்ட் கையில் இருந்தது. சுங்கை சிப்புட் லயத்துக்காரருக்கு இதில் எது இருக்கிறது?

சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் துண்டாடலில் வீதிக்கு வந்த பாட்டாளி, மாதம் பத்து வெள்ளி கட்டித் தானே நிலத்துக்குச் சொந்தக்காரனாக வேண்டும் என்பதே திட்டம். நிலம் இல்லாதவன் பேச்சு அம்பலம் ஏறாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அவருக்குப் பின் 1974 முதல் 2008 வரை அத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ச. சாமிவேலு. இடையில் ஆறாண்டு நீங்கலாக 1979 முதல் 2008 வரை அவர்தான் பொதுப்பணி அமைச்சர். நாடெங்கும் சாலை போட்ட அமைச்சு இந்த மாவட்டத்துத் தமிழர் பிரதிநிதியின் கையில் இருந்தது. நில எடுப்புச் சட்டம் வேறு அமைச்சின் பொறுப்பு என்பது உண்மைதான். ஆனால் அமைச்சரவை ஒன்றுதானே? அத்தனை ஆண்டுகளில் 'சம்பந்தப்பட்டவர்' என்ற அந்த வரி நமக்காக மாறவில்லை. நம்மவர் நாற்காலியில் இருப்பது வேறு, நம் உரிமை சட்டத்தில் இருப்பது வேறு.

இந்தியாவில் 2013-இல் வந்த நில எடுப்புச் சட்டத்தைப் பாருங்கள். 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்பதில் நிலமே இல்லாத கூலித் தொழிலாளியும் குத்தகைக்காரரும் சேர்கிறார்கள். மூன்றாண்டு அந்த மண்ணை நம்பிப் பிழைத்திருந்தால் போதும். அங்கே நடைமுறையில் குறைகள் ஆயிரம் இருக்கலாம். ஆனால் ஏட்டிலாவது கூலிக்காரனின் பெயர் இருக்கிறது. இங்கே ஏட்டிலும் இல்லை.

நம் கோரிக்கைகள்

ஒன்று: நில எடுப்புச் சட்டத்தில் 'சம்பந்தப்பட்டவர்' என்பதற்குள், கிராண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அங்கே நீண்டகாலம் குடியிருப்போர் சேர்க்கப்பட வேண்டும்.

இரண்டு: சாலையை அகலப்படுத்தும் முன் மரங்கள், கோயில்கள், பள்ளிகள், வீடுகள் அனைத்தையும் குடியிருப்பாளர் முன்னிலையில் கணக்கெடுக்க வேண்டும். தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றுக்கு நிலம் சொந்தமில்லை. அதற்காக வகுப்பறைக்குள் வரும் இரைச்சல் கணக்கில் வராமல் போகக்கூடாது.

மூன்று: ஒலித் தடுப்புச் சுவர் வேலை தொடங்கும்போதே கட்டப்பட வேண்டும். புகார் வந்த பிறகு பார்க்கலாம் என்பது ஏமாற்று.

நான்கு: வெட்டும் மரத்துக்கு ஈடாக நடும் மரம் அதே லயத்தின் அருகே நடப்பட வேண்டும். எங்கோ ஓய்வுப் பூங்காவில் அல்ல.

ஐந்து: அறிவிப்புகள் தமிழிலும் வேண்டும். லயத்துக் கதவில் ஒட்டப்பட வேண்டும்.

சட்டம் மாறும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. மரத்தில் சாயக்குறி கண்ட அன்றே படம் எடுங்கள். கயிறு வைத்துச் சுற்றளவை அளந்து எழுதுங்கள். எத்தனை குடும்பம், எத்தனை பிள்ளைகள், எத்தனை முதியவர்கள் என்று பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். நகராண்மைக் கழகத்துக்கும் பொதுப்பணி இலாகாவுக்கும் சுற்றுச்சூழல் இலாகாவுக்கும் ஒரே நாளில் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். முத்திரை விழுந்த ஒரு தாள், நூறு தலைவர்களின் வாக்குறுதியைவிடக் கனமானது.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். நம் பிள்ளைகள் அழாமல் இல்லை. அழுகை கேட்கும் இடத்தில் போய் இதுவரை நாம் நிற்கவில்லை. நில விசாரணை நடக்கும் நாளில் மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள். உள்ளே விடாவிட்டால் வேலி போட்ட அந்த ரப்பர் மரத்தின் அருகே பட்டியலோடு நில்லுங்கள். அந்த மரத்துக்குக் கிடைத்த மதிப்பில் பாதியாவது அதன் இனத்தை வளர்த்த மக்களுக்கு வேண்டும் என்று கேளுங்கள்.