மாத்தூர் தொட்டிப்பாலமும் ஒரு மோசமான கலைச்சொல்லும்

போன வாரம் அண்ணன் மகன் பதினொண்ணாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தோட வந்து நின்னான்.

"சித்தப்பா, கல்லு கீழ விழும்போ நிலை ஆற்றல் இயக்க ஆற்றலா மாறுதுல்லா? மாத்தினது புவியீர்ப்புதானே? பொறவு அதுக்கு ஏன் 'ஆற்றல் மாற்றா விசை'ன்னு பேரு?"

நியாயமான கேள்வி. தப்பு பையன் மேல இல்லை, பேர் மேல. நிலை ஆற்றல், இயக்க ஆற்றல் ரெண்டோட கூட்டுத்தொகை மாறாதுன்னு சொல்ல வந்த பேர் அது. 'மாற்றா' என்பதில் அந்தக் கூட்டுத்தொகை எங்கே இருக்கு?

கைவசம் இருந்த ஒரே ஆயுதம் மாத்தூர் தொட்டிப்பாலம். 1966-ல் கட்டியது. பறளியாற்றுக்கு மேல 115 அடி, அதாவது சுமார் 35 மீட்டர்.

"மக்களே, உன் எடை 50 கிலோன்னு வச்சுக்க. ஆத்தங்கரையிலேருந்து பாலத்து மேல போகணும். படிக்கட்டில ஏறு, இல்ல சாலை வழியா சுத்தி வா. புவியீர்ப்புக்கு எதிரா செய்யுற வேலை ஒண்ணுதான். 50 × 9.8 × 35, சுமார் 17,000 ஜூல்."

(மூச்சு வாங்குவது தனிக்கணக்கு. எனக்கு நடுவில் ரெண்டு தடவை உட்காரணும்.)

எந்த வழியில் வந்தாலும் ஒரே தொகை என்பதால்தான், பாலத்து மேல ஒரு போர்டு நட்டு 'இங்கே 17,000 ஜூல் கூடுதல்' என்று எழுத முடிகிறது. அந்த போர்டுதான் நிலை ஆற்றல். உராய்வுக்கு இப்படி எழுத முடியாது. நெல் மூட்டையைக் களத்தில் நேரா இழுத்தால் ஒரு செலவு, சுற்றி இழுத்தால் வேறொரு செலவு. புறப்பட்ட இடத்துக்கே வந்தாலும் பைசா திரும்பாது, எல்லாம் சூடாகப் போயிருக்கும். இதை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் எம்ஜிஹெச் சூத்திரத்துக்குப் போகணும் என்பது என் கட்சி. நமக்கெல்லாம் தலைகீழாத்தானே மனப்பாடம் பண்ண வைத்தார்கள்!

கோவை மாவட்டம் காடம்பாறையில் இதை 400 மெகாவாட் அளவில் பார்க்கலாம். தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றிவைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கக் கட்டியது. ஏற்றின செலவு முழுசாத் திரும்பாது. புவியீர்ப்பு ஏமாற்றவில்லை, குழாயிலும் இயந்திரத்திலும் உராய்வு தின்றுவிட்டது.

அதனால என் ஓட்டு 'திருப்பித்தரும் விசை'க்கு. எதிர்ப்பதம் 'தின்னும் விசை'. கலைச்சொல் வல்லுநர்கள் கல்லெடுக்க வேண்டாம்.

"நல்லாருக்கு சித்தப்பா. பரீட்சையில எழுதினா மார்க் போடுவாவளா?"

போடமாட்டாவ மக்களே.