95 விழுக்காடு துல்லியமா?

"நாளைய பங்கு விலையை 95 விழுக்காடு சரியாகக் கணிக்கும் ஏஐ" என்ற விளம்பரத்தை நம்பி, 55 வயதில் எடுத்த சேமநிதிப் பணத்தைப் போடலாமா என்று ஜார்ஜ்டவுன் நண்பர்கள் கேட்கிறார்கள். இரண்டு கேள்விகள் கேளுங்கள் என்பேன்.

ஒன்று: கணினி பார்க்காத நாள்களில் சோதித்தார்களா? பழைய நாள்களையும் புதிய நாள்களையும் கலந்து பயிற்சி தந்தால், வினாத்தாளை முன்பே பார்த்த மாணவன் கதைதான். 2019 வரை படித்த கணினியை 2020-இல் சோதிக்க வேண்டும். அந்த ஆண்டு மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது; பிறகு புர்சாவில் கையுறைப் பங்குகள் பல மடங்கு ஏறின. பழைய விலைகளில் அதற்குத் தடயமே இல்லை.

இரண்டு: "இன்றைய விலையே நாளைக்கும்" என்று சும்மா சொல்பவரை அது வென்றதா? பெரும்பாலான நாள்களில் விலை ஓரிரு விழுக்காடுதான் மாறும். சும்மா சொன்னவரும் 98 விழுக்காடு நெருங்கிவிடுவார். ஏறுமா, இறங்குமா என்பதில் எத்தனை முறை சரி? தரகுக் கட்டணம் போக என்ன மிஞ்சியது?

பதில் வராவிட்டால், பணம் சேமநிதியிலேயே இருக்கட்டும்.