நூல் செய்யும் கைகளுக்கு வணக்கம்



ஒரு புத்தகம் பிடித்துப்போனால் எழுதியவரைக் கொண்டாடுகிறோம். படம் வரைந்தவரைச் சில வேளை நினைக்கிறோம். தாளைத் தேர்ந்தவர், பக்கத்தை வடிவமைத்தவர், மை இழுத்தவர், தைத்தவர் பெயரெல்லாம் நம் வாய்க்கு வருவதே இல்லை. இந்த இதழை அவர்களுக்காகவே ஒதுக்கியிருக்கிறோம்.

அவர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சென்னைத் திருவான்மியூருக்குத்தான் முதலில் போக வேண்டும். 1994இல் கீதா வுல்ஃப் தொடங்கி, இப்போது அங்கே இயங்கும் தாரா புக்ஸ் இன்று உலகறிந்த பதிப்பகம். ஆரம்பத்தில் அவர் கையில் இருந்தது ஒரு சிங்கத்தின் நாட்டுப்புறக் கதை, இந்திரபிரமித் ராயின் ஓவியங்கள், கையால் செய்த ஒரு மாதிரிப் பிரதி. ஃபிராங்க்ஃபர்ட் புத்தகச் சந்தையில் அதைப் பார்த்த கனடா பதிப்பகம் ஒன்று 8,000 பிரதிகள் கேட்டது. அத்தனையையும் கையால் அச்சிட வேண்டும், கையால் தைக்க வேண்டும். அந்தப் பொறுப்பைத் தோளில் ஏற்றவர் அச்சுக் கலைஞர் ஆறுமுகம். அவர் நடத்தும் ஏஎம்எம் ஸ்க்ரீன்ஸ் பட்டறையிலிருந்துதான் தாராவின் கைவினை நூல்கள் பிறக்கின்றன.

அங்கே அச்சிடும் முறையான ஸ்க்ரீன் பிரிண்டிங் நம் ஊருக்குப் புதிதல்ல. கல்யாணப் பத்திரிகையிலும் துணிப்பையிலும் பார்த்துப் பழகியதுதான். சட்டத்தில் இறுக்கிக் கட்டிய மெல்லிய வலைத்துணியில், மை இறங்க வேண்டிய இடத்தை மட்டும் திறந்துவிட்டு மற்றதை அடைத்துவிடுவார்கள். மேலே மை ஊற்றி, ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு. ஓர் இழுப்புக்கு ஒரு நிறம். அது காய்ந்த பிறகே அடுத்த நிறம், அடுத்த ஸ்க்ரீன். நான்கு நிறமுள்ள ஒரு தாள் நான்கு முறை கைக்கு வந்தாக வேண்டும். ஒரு நிறம் மயிரிழை தள்ளி விழுந்தாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மை காய்வதற்கும் பொறுத்திருக்க வேண்டும்.

இந்தப் பொறுமையின் சிகரம் 2006இல் தாரா கொண்டுவந்த ‘த நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’. மத்தியப் பிரதேசத்துக் கோண்டு பழங்குடி ஓவியர்கள் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் தங்கள் மரபில் வாழும் மரங்களை வரைந்தார்கள். பஞ்சுக் கழிவில் செய்த கறுப்புத் தாளில் அந்த வண்ணங்கள் இறங்கியபோது, இலையும் கிளையும் இருட்டிலிருந்து எழுந்து வந்தன. தாளைத் தடவினால் மையின் மேடு விரலில் தட்டுப்படும். ஒவ்வொரு பிரதியிலும் அதன் வரிசை எண்ணைக் கையாலேயே எழுதியிருப்பார்கள். 2008இல் இத்தாலியின் பொலோன்யா புத்தகச் சந்தை இந்த நூலுக்கு ‘நியூ ஹொரைசன்ஸ்’ விருது அளித்தது. 2013இல் ஆசியாவின் சிறந்த குழந்தைகள் பதிப்பகம் என்று தாராவையே அது தேர்ந்தெடுத்தது.

என் மனத்துக்கு மிக நெருக்கமானது இன்னொரு தாரா நூல்: ‘சுனாமி’. வங்காளத்தின் பட்டுவா கலைஞர்கள் சுருள் ஓவியத்தை விரித்துக்கொண்டே அதன் கதையைப் பாடுபவர்கள். அந்த மரபில் வந்த ஜாய்தேவ், மோய்னா சித்ரகர் இருவரும் 2004ஆம் ஆண்டு டிசம்பர்ப் பேரலையைப் பாட்டாகவும் படமாகவும் ஆக்கினார்கள். தாரா அதைப் பக்கம் பக்கமாக வெட்டவில்லை. சுருளின் உயிர் கெடாமல், மடிப்பை விரித்துப் பார்க்கும் நீள நூலாகவே கொண்டுவந்தது.

அந்த நூலோடு சென்ற மாதம் ஒரு மாலை சென்னைக் கடற்கரையில் உள்ள மீனவர் குப்பமான ஊரூர் ஒல்காட் குப்பத்துக்குப் போயிருந்தேன். வலை சரிபார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் பக்கத்தில் தரையில் விரித்தேன். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். கடற்காற்று தூக்கிவிடாமல் ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லோரும் அந்த டிசம்பருக்குப் பல ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர்கள். பெரியவர் மேலிருந்து கீழாக விரல் ஓட்டிப் பார்த்தார்.

“இத வரஞ்சவங்க எந்த ஊருப்பா?”

“வங்காளம், ஐயா.”

“அப்ப நம்ம கடலுதான்” என்றார். ஒரு சிறுமி “நீ பாத்தியா தாத்தா?” என்று கேட்க, அவர் வலையை ஒதுக்கி வைத்துவிட்டு அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையைச் சொல்ல ஆரம்பித்தார்.

வழக்கமான புத்தகமாக இருந்திருந்தால் ஒரு பிள்ளை கையில் வைத்திருக்க, மற்றவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு விலகியிருப்பார்கள். நீளமாக விரிந்ததால்தான் அத்தனை பேருக்கும் இடம் கிடைத்தது. பெரியவருக்கும் பேச வாய்த்தது. ஒரு நூலை யார், எப்படி, யாரோடு சேர்ந்து படிப்பார்கள் என்பதை அதன் வடிவம் தீர்மானிக்கிறது. வடிவமைப்பாளரையும் அச்சுக் கலைஞரையும் படைப்பாளி என்று நான் உரக்கச் சொல்வது இதனால்தான்.

தமிழிலும் இந்த அக்கறைக்கு முன்னோடிகள் உண்டு. 1974இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் எழுத்துரு முதல் கட்டமைப்பு வரை ஒன்றையும் அலட்சியமாக விட்டதில்லை. ஓவியர் கே.எம். ஆதிமூலத்தின் கோடுகளும் கையெழுத்தும் நம் நூல் அட்டைகளுக்குத் தனி முகம் தந்தன.

கைவினை நூல்களின் விலை கூடுதல்தான். அது கைவேலைக்குரிய நியாயமான கூலி. ஒவ்வொரு வீடும் வாங்க முடியாது; நூலகங்கள் வாங்கலாம். உங்கள் ஊர் நூலகரிடமும் உங்கள் பிள்ளையின் பள்ளியிலும் ஒரு பிரதியாவது வாங்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பவர் இருந்தால்தான் அலமாரிக்கு வரும்.

எங்கள் பங்குக்கு நாங்களும் ஒன்று செய்கிறோம். இதழை வடிவமைப்பவர், அச்சிடுபவர், மடிப்பவர், பைண்டிங் செய்பவர் என அத்தனை பேரின் பெயரும் இந்த மாதம் முதல் ஆசிரியர் குழுவின் பெயர்களோடு ஒரே பட்டியலில், ஒரே எழுத்தளவில் இடம்பெறும். படித்துவிட்டு, அவர்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்