இறக்கை இல்லாத விண்கலத்துக்கும் ‘தூக்கு விசை’ வேண்டுமா?

2007 அக்டோபர் 21. மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸாபார் ஷுக்கோர், இரண்டு ரஷ்ய வீரர்களுடன் சோயுஸ் கலத்தில் கஜகஸ்தானில் தரையிறங்கினார். மூவரும் நலம். ஆனால், கலம் இறங்கியது திட்டமிட்ட இடத்துக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல் முன்னதாக. ஜோகூர் பாருவுக்கு டிக்கெட் எடுத்தவரைக் கோலாலம்பூரிலேயே இறக்கிவிட்ட மாதிரி!

ஏன் அப்படி? காரணம் இரண்டு விசைகள்.

இழுவை விசை: இதுதான் பிரேக்

பூமியைச் சுற்றும் கலத்தின் வேகம் மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டர். அதைக் குறைப்பது பாராசூட் என்று நினைக்கிறீர்களா? இல்லை. கிட்டத்தட்ட முழு வேகத்தையும் காற்றின் இழுவைதான் குறைக்கிறது. பாராசூட்டுக்கு மிச்சம் இருப்பது சில நூறு கிலோமீட்டர் வேகம்தான்.

தூக்கு விசை: இதுதான் ஸ்டீயரிங்

சோயுஸுக்கு இறக்கை கிடையாது. ஆனால், அதன் எடை மையம் நடுவில் இல்லாமல் சற்றுத் தள்ளி இருக்கும். அதனால் கலம் கொஞ்சம் சாய்ந்தபடியே காற்றைக் கிழித்து வரும். அந்தச் சாய்வு சிறிதளவு தூக்கு விசையைத் தருகிறது. கலத்தை உருட்டினால் அந்த விசையின் திசையும் மாறும். மேல்நோக்கி இருந்தால் மெல்லிய காற்றில் அதிக நேரம் பறக்கலாம். வேகமும் மெதுவாகக் குறையும்.

2007இல் நடந்தது என்ன? கேபிள் ஒன்று சேதமடைந்ததால், கலம் தானாகவே அவசர முறைக்கு மாறியது. இந்த முறையில் கலம் சுழன்றுகொண்டே விழும். தூக்கு விசை எல்லாத் திசையிலும் சிதறி, ஒன்றுமில்லாமல் போகும். மிச்சம் இழுவை மட்டும்தான். பாதை செங்குத்தாகும், கலம் முன்னதாகவே விழும். வழக்கமாக 4 அல்லது 5 மடங்காகத் தெரியும் உடல் எடை, 8 மடங்குக்கும் மேல் போய்விடும். ஷேக் முஸாபாரை மேலே கொண்டுசென்ற சோயுஸ் கலமும், 2008 ஏப்ரலில் வேறொரு கோளாறால் இதே முறையில்தான் திரும்பியது.

அப்படின்னா, தூக்கு விசை அதிகமா இருந்தா நல்லதுதானே?

அவ்வளவு சுலபம் இல்லை. 2022 டிசம்பர் 11இல், நிலவிலிருந்து ஆளில்லாமல் திரும்பிய நாசாவின் ஓரியன் கலம், காற்றுமண்டலத்துக்குள் ஒருமுறை நுழைந்து, தூக்கு விசையால் மேலெழும்பி, மறுபடியும் இறங்கியது. குளத்தில் வீசிய தட்டைக்கல் தத்துவது போல. இறங்கும் இடம் துல்லியமாகக் கிடைத்தது. ஆனால், வெப்பக் கவசத்திலிருந்து துண்டு துண்டாகக் கருகிய பொருள் பெயர்ந்திருந்தது. இரண்டு நுழைவுகளுக்கு நடுவே கவசத்துக்குள் உருவான வாயு, வெளியேற வழியில்லாமல் அழுத்தம் கூடி, விரிசலை உண்டாக்கியது என 2024 டிசம்பரில் நாசா விளக்கியது. ஆட்கள் செல்லும் ஆர்ட்டெமிஸ் 2க்கு அது அறிவித்த தீர்வு: கவசம் அதேதான், பாதை மட்டும் மாறும்.

கவனித்தீர்களா? தூக்கு விசை குறைந்தால் வீரரின் உடல் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். தத்தித் தத்தி வந்தால் கவசம் தாங்க வேண்டும். அடுத்த முறை தரையிறக்கத்தை நேரலையில் பார்க்கும்போது, பாராசூட் விரிவதற்கு முந்தைய சில நிமிடங்களைத் தவறவிடாதீர்கள். உண்மையான ஆபத்து இருப்பது அங்கேதான்.