நடுக்கடலில் இஞ்சின் நின்றால்? ஜோகூர் சிறு படகுகளுக்கு இரண்டாவது மோட்டார் ஏன் அவசியம்

ஜோகூர் கடலில் ஒரு சிறு படகின் இஞ்சின் நின்றுபோனால், இழப்பு அன்றைய மீன்பாட்டோடு முடிவதில்லை. 2 நாட் வேக நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்படும் படகு, 3 மணி நேரத்தில் 6 கடல் மைல், அதாவது சுமார் 11 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். சுங்கை ரெங்கிட், பெங்கெராங், குக்குப் கரையோரங்களில் அந்தத் தூரத்துக்குள் கப்பல் பாதை வந்துவிடும். அதையும் தாண்டினால் வேறு நாட்டுக் கடல்.

மீனவர்களைப் பற்றிய அண்மைய பேச்சு பெரும்பாலும் எரிபொருளைச் சுற்றியே இருந்தது. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 3 ரிங்கிட் 35 சென்னாக உயர்ந்தபோது, மீனவர்களுக்கான டீசல் 1 ரிங்கிட் 65 சென்னிலேயே தொடர்ந்தது. அது தேவையான உதவி. ஆனால் எரிபொருள் கையில் இருந்தும் இஞ்சின் இயங்காமல் போனால் என்ன செய்வது என்ற கேள்வியும் அதே அளவு முக்கியமானது. ஜோகூருக்கு அது இன்னும் முக்கியம்.

காரணம், இந்தக் கடலின் எல்லைகள். 2008 மே 23-இல் அனைத்துலக நீதிமன்றம் பத்து பூத்தே தீவைச் சிங்கப்பூருக்கும், அருகிலுள்ள பத்துவான் தெங்கா பாறைகளை மலேசியாவுக்கும் உரியதாகத் தீர்ப்பளித்தது. 2018 அக்டோபரில் ஜோகூர் பாரு துறைமுக எல்லை நீட்டிக்கப்பட்டபோது துவாஸ் அருகே இரு நாட்டுக் கப்பல்களும் எதிரெதிரே நின்றன. 2019 ஏப்ரலில்தான் அந்த நடவடிக்கைகளை இரு தரப்பும் நிறுத்தி வைத்தன. மலாக்கா நீரிணையின் தென்பகுதி எல்லை குறித்து மலேசியாவும் இந்தோனேசியாவும் 2023 ஜூன் 8-இல் ஒப்பந்தம் செய்துகொண்டன. அரசுகளுக்கு இவை தெளிவான கோடுகளாக இருக்கலாம். விசை இழந்த படகை நீரோட்டம் அந்தக் கோட்டைப் பார்த்து நிறுத்துவதில்லை. இராமேஸ்வரம் பக்கத்துப் படகுகள் இயந்திரக் கோளாறால் எல்லை தாண்டி இலங்கைக் கடற்படையிடம் சிக்கும் செய்திகளைப் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல.

அடுத்தது கப்பல்கள். மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகள் வழியாக ஆண்டுக்கு 80,000-க்கும் அதிகமான கப்பல்கள் செல்கின்றன. பிலிப் கால்வாய் அருகே இந்தப் பாதை ஏறக்குறைய ஒன்றரை கடல் மைல் அகலத்துக்குக் குறுகிவிடுகிறது. அனைத்துலகக் கடல் விதிகளின்படி, 20 மீட்டருக்குக் குறைவான படகு கப்பல் பாதையில் செல்லும் கப்பலுக்கு இடையூறாக இருக்கக்கூடாது. சரக்கு ஏற்றிய பெரிய எண்ணெய்க் கப்பல் நினைத்தவுடன் நிற்காது. அது நிற்பதற்கே பல கிலோமீட்டர் தேவை. அதன் முன்னால் விலக முடியாமல் மிதக்கும் சம்பானின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

எனவே, துணை மோட்டாரை வசதிப் பொருளாகப் பார்க்காமல், உயிர்காப்பு அங்கியைப் போன்ற பாதுகாப்புச் சாதனமாகவே பார்க்க வேண்டும். வாங்கும்போது வேகத்தை மறந்துவிட்டு, எதிர் நீரோட்டத்திலும் காற்றிலும் படகைக் கரை சேர்க்குமா என்று பார்க்க வேண்டும்.

20 அடி நீளச் சிறு படகு துணை மோட்டாரில் அதிகபட்சம் 5, 6 நாட் வேகமே போகும். அதற்கு மேல் குதிரைத்திறனைக் கூட்டினால் எடையும் செலவும் கூடுமே தவிர வேகம் அவ்வளவாகக் கூடாது. படகு, ஆட்கள், ஐஸ், மீன் எல்லாம் சேர்ந்த எடையில் ஒரு டன்னுக்கு 4 குதிரைத்திறன் என்பது பொதுவான கணக்கு. ஒன்றரை டன் படகுக்கு 6 குதிரைத்திறன் மோட்டார் போதும். நீரோட்டம் வலுத்த இடத்துக்குப் போகிறவர்கள் 9.9 வரை செல்லலாம். 6 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் ஏறக்குறைய 25 கிலோ, 9.9 ஏறக்குறைய 40 கிலோ. அந்த 15 கிலோ வேறுபாட்டைப் படகின் பின்புறம் தாங்குமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

பலர் தவறுவது தண்டின் நீளத்தில்தான். 15, 20, 25 அங்குலம் என்ற அளவுகளில் மோட்டார்கள் வருகின்றன. மலிவு என்று 15 அங்குலத்தை வாங்கினால், அலையில் படகின் பின்பக்கம் எழும்போது விசிறி நீருக்கு வெளியே வந்து வெறுமனே சுற்றும். துணை மோட்டார் ஓரமாகப் பொருத்தப்படுவதால், படகு மறுபக்கம் சாய்ந்தாலும் இதே நிலைதான். விசிறிக்கு மேலுள்ள தட்டு, படகின் அடிப்பாகத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி அளந்து வாங்க வேண்டும். விசிறியும் வேகத்துக்கானதாக இல்லாமல், இழுவைக்கு ஏற்ற குறைந்த பிட்ச் கொண்டதாக இருப்பது நல்லது.

பொருத்தும்போது முதலில் பின்பலகையைத் தட்டிப் பார்க்க வேண்டும். ஃபைபர் படகின் உள்ளே இருக்கும் பலகை ஊறி அழுகியிருந்தால் சத்தம் மந்தமாகக் கேட்கும். அதில் புதிய எடையைத் தொங்கவிடக் கூடாது. தூக்கி இறக்கும் தாங்கியைத் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளால், உட்புறம் தகடு வைத்து முடுக்க வேண்டும். துளைகளில் நீர் புகாதபடி பசை இட வேண்டும். பிரதான மோட்டாரை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பினாலும் துணை மோட்டாரில் இடிக்காத இடைவெளி வேண்டும். கவ்வித் திருகு தளர்ந்தாலும் மோட்டார் கடலில் விழாமல் இருக்க ஒரு சங்கிலியும் கட்ட வேண்டும்.

இத்தனையும் செய்தபின் ஒரே தவறு எல்லாவற்றையும் வீணாக்கிவிடும்: இரண்டு மோட்டாருக்கும் ஒரே எரிபொருள் தொட்டி. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தால் இரண்டுமே நின்றுபோகும். பிரதான மோட்டார் எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஓடும் இரண்டு ஸ்ட்ரோக் என்றால், நான்கு ஸ்ட்ரோக் துணை மோட்டாருக்கு அந்தக் கலவை ஆகாது. எனவே தனித் தொட்டி, தனிக் குழாய் தேவை. பேட்டரி இறங்கிப்போனாலும் கிளம்ப, கயிறு இழுத்து இயக்கும் மோட்டாரே சிறந்தது.

மாதக்கணக்கில் தொடாத மோட்டாரும் ஆபத்து நேரத்தில் கைவிடும். பழைய பெட்ரோல் கார்புரேட்டரை அடைத்துவிடும். வாரம் ஒருமுறை கரை திரும்பும்போது கடைசி சில நூறு மீட்டரைத் துணை மோட்டாரில் வந்தால், அது இயங்குகிறதா என்பது உறுதியாகிவிடும். பிறகு நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

உரிமம் பெற்ற மீன்பிடிப் படகில் எந்த மாற்றமும் செய்வதற்கு முன் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. செலவு சில ஆயிரம் ரிங்கிட் ஆகும் என்பதால் கரையோரச் சிறு மீனவருக்கு இது எளிதல்ல. படகு, இயந்திர உதவிகளைத் திட்டமிடும்போது துணை மோட்டாரையும் பாதுகாப்புச் சாதனமாகச் சேர்ப்பது பற்றி மீனவர் சங்கங்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் பேசலாம்.

இது மீனவர்களின் கவலை மட்டுமல்ல. குளுவாங், கோத்தா திங்கி தோட்டங்களிலிருந்தும் ஜோகூர் பாரு பட்டணத்திலிருந்தும் வார இறுதியில் மெர்சிங், செடிலி, சுங்கை ரெங்கிட் சென்று படகு வாடகைக்கு எடுத்துத் தூண்டில் போடும் தமிழர்கள் பலர். நவம்பர் முதல் மார்ச் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றில் கிழக்குக் கரை கடல் எப்படி மாறும் என்பது அவர்களுக்கும் தெரியும். படகில் ஏறும் முன், இரண்டாவது மோட்டார் உண்டா, அது கடைசியாக எப்போது ஓடியது என்று படகுக்காரரிடம் கேட்கலாம். அங்கி அணிந்து, கரையில் ஒருவரிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஆபத்து நேர்ந்தால் 999-க்கு அழைக்க வேண்டும். உதவி வந்து சேரும்வரை படகு கப்பல் பாதைக்குள் போகாமல் பிடித்து நிறுத்தப் போவது அந்தச் சிறிய மோட்டார்தான்.